கேட்டீர்கள், சொல்கிறோம்: டிரெய்னர் காட்டும் வாட்டை நம்பலாமா?

கேள்வி: வீட்டில் நின்ற இடத்திலேயே சைக்கிள் மிதிக்க, பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டு மாட்டும் டிரெய்னர் வைத்திருக்கிறேன். அது 200 வாட் காட்டும்போது பெடல் பவர் மீட்டர் 212 காட்டுகிறது. எது பொய்?
(செந்தூல் வாசகர், கோலாலம்பூர்)

இரண்டுமே உண்மையாக இருக்கலாம். பெடல் அளப்பது உங்கள் பாதம் கொடுக்கும் சக்தியை. டிரெய்னர் அளப்பது செயினைத் தாண்டி வந்து சேர்வதை. நடுவில் செயினும் பல்சக்கரங்களும் 2 முதல் 4 விழுக்காடு தின்றுவிடும், காய்ந்த செயின் இன்னும் கொஞ்சம் கூடுதலாக. பெட்டியில் பெடலுக்கு ±1, டிரெய்னருக்கு ±2 விழுக்காடு என்று போட்டிருக்கிறதா? ஒன்று ஏறியும் மற்றது இறங்கியும் நின்று, செயினும் 3 விழுக்காட்டை எடுத்துக்கொண்டால் ஆறு. உங்கள் 12 வாட் அங்கேயே கணக்காகிவிடுகிறது. கடைக்குத் தூக்கிப்போகும் அவசரம் வேண்டாம்.

பெடல் இரண்டு பக்கமும் அளக்கிறதா என்றும் பாருங்கள். இடப்பக்கத்தை மட்டும் அளந்து இரட்டிப்பாக்கும் வகை என்றால், இடது கால் 52 விழுக்காடு உழைத்தாலே எண் 4 விழுக்காடு கூடிவிடும்.

ஒரே ஓர் எண்ணை வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது. 15 நிமிடம் மிதித்துச் சூடேற்றுங்கள். பிறகு ஸ்பின்டவுன், அதாவது டிரெய்னர் தன்னைத்தானே சரிபார்த்துக்கொள்ளும் சோதனை: டிரெய்னரின் செயலி கேட்கும் வேகத்துக்கு ஏற்றிவிட்டுக் காலை நிறுத்துங்கள், தானாக நிற்கும்வரை பிரேக்கையோ பெடலையோ தொடக்கூடாது. அடுத்து, பெடலிலிருந்து காலை எடுத்துவிட்டு ஜீரோ ஆஃப்செட், அதாவது பாரமே இல்லாத நிலையைப் பெடலுக்குப் பூஜ்யமாகப் பதிய வைப்பது. டிரெய்னரைக் கைப்பேசியிலும் பெடலை சைக்கிள் கணினியிலும் தனித்தனியாகப் பதிவு செய்யுங்கள். பெடலை வைத்து டிரெய்னரைக் கட்டுப்படுத்தும் வசதியை அணைத்துவிடுங்கள். அது ஓடும்போது சில டிரெய்னர்கள் பெடலின் எண்ணையே தங்கள் எண்ணாக அனுப்பும், பெடலைப் பெடலோடு ஒப்பிட்டுவிட்டு அபாரமான துல்லியம் என்று மகிழ்ந்துகொண்டிருப்பீர்கள்.

பெடலை நிமிடத்துக்கு 90 சுற்று மிதித்து, டிரெய்னரில் 100, 200, முடிந்தால் 300 வாட், ஒவ்வொன்றும் 4 நிமிடம். முதல் நிமிடத்தைத் தள்ளிவிட்டு மீதியின் சராசரியை எடுங்கள். பெடல் 106, 212, 318 என்று வந்தால் வித்தியாசம் ஒரே விகிதத்தில் போகிறது. அதை நோண்டாதீர்கள்; பயிற்சிக்கு ஒரு கருவியைப் பிடித்துக்கொண்டு அதன் எண்ணிலேயே நில்லுங்கள். 112, 212, 312 என்று எங்கும் அதே 12 வாட் என்றால் ஜீரோ தப்பியிருக்கிறது. 60 சுற்றில் மறுபடி 200 வாட் ஓட்டிப் பாருங்கள்: 12 இருந்த இடத்தில் 8 வரும். சக்தி என்பது முறுக்குவிசையைச் சுழல்வேகத்தால் பெருக்கியது. முறுக்குவிசையில் உள்ள பிழை மாறாமல் இருந்தாலும், சுற்று குறையும்போது அதனால் வரும் வாட் பிழை குறையும். புதிதாக மாட்டிய பெடல் என்றால் நான்கைந்து முறை வேகமாக அழுத்தி மிதித்து உட்கார வைத்த பிறகு ஜீரோ செய்யுங்கள்.

கேள்வி: டயரில் உருளை அழுத்தும் டிரெய்னரைப் பால்கனியில் வைத்திருக்கிறேன். தொடக்கத்தில் 180 வாட் கஷ்டமாக இருக்கிறது. 20 நிமிடத்தில் அதே 180 லேசாகிவிடுகிறது.
(பாயான் லெப்பாஸ் வாசகர், பினாங்கு)

டயர் சூடாகி உருளல் தடை குறைந்துவிட்டது. இவ்வகையில் பல, சக்கர வேகத்தை வைத்து வாட்டைக் கணக்கிடுபவை. அதே வேகத்துக்கு இப்போது குறைந்த பலமே போதும். எண்ணுக்கு அது தெரியாது. எனவே குளிர்ந்த டயரில் ஸ்பின்டவுன் செய்வது வீண், சூடான பிறகே செய்யுங்கள். ஓட்டும் முன் ஒவ்வொரு தடவையும் காற்றை ஒரே அளவில் வையுங்கள், 100 பி.எஸ்.ஐ. என்றால் எப்போதும் 100. உருளை டயரைத் தொட்ட இடத்திலிருந்து திருகை எத்தனை சுற்று முறுக்குகிறீர்கள் என்று மார்க்கரால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். எழுந்து நின்று மிதிக்கும்போது கீச்சென்று சத்தம் வந்தால் டயர் வழுக்குகிறது, அந்த நொடிகளின் எண் குப்பை.

வாட் மாறாமல் இதயத்துடிப்பு மட்டும் ஏறிக்கொண்டே போனால் டிரெய்னரைத் திட்டாதீர்கள். அது பினாங்கு வெக்கை. பெரிய காத்தாடி ஒன்று வாங்குங்கள்.

கேள்வி: பெடலே சரிதான் என்று எப்படித் தெரிந்துகொள்வது?
(செராஸ் வாசகர், கோலாலம்பூர்)

எடை தொங்கவிட்டு. ஜிம் பிளேட்டில் 20 கிலோ என்று பொறித்திருப்பதை நம்பவேண்டாம்; மளிகைக் கடையின் மின்னணுத் தராசில் நிறுத்துக்கொள்ளுங்கள், கட்டும் கயிறோடு சேர்த்து. சைக்கிளில் பின்சக்கரத்தை மாட்டிப் பிரேக்கை இறுக்கிப் பிடித்து, கிராங்கை (பெடல் மாட்டியிருக்கும் கையை) கிடைமட்டமாக முன்னோக்கி நிறுத்தி, பெடலின் நடுவில் தொங்கவிடுங்கள். 20 கிலோ, 170 மி.மீ. கிராங்க்: 20 × 9.81 × 0.170 = 33.35 நியூட்டன் மீட்டர். பெடல் காட்டும் முறுக்குவிசையை இதோடு ஒப்பிடுங்கள். முறுக்குவிசையைக் காட்டும் மாடல்களில் மட்டுமே இது நடக்கும். வலது, இடது தனித்தனியாகப் பாருங்கள்.

கேள்வி: என்னிடம் பவர் மீட்டரே இல்லை. என்ன வழி?
(பட்டர்வொர்த் வாசகர்)

நண்பரின் பெடலை ஒரு நாள் கடன் வாங்குங்கள். இடது பெடலின் மரை தலைகீழானது, கழற்ற வலப்பக்கமாகத் திருப்புங்கள். மாட்டியதும் செயலியில் கிராங்க் நீளத்தைத் திருத்துங்கள். உங்கள் கிராங்க் 170 ஆக இருக்க, நண்பருடைய 175 அப்படியே கிடந்தால் எண் 3 விழுக்காடு கூடும். இல்லாத குற்றம் டிரெய்னர்மேல் விழும்.