தட்டிப் பார்த்த பிறகு தேய்க்கலாம்: பழைய ஃபைபர் படகு பற்றி வாசகர் கேள்விகள்

கே: உறவினர் ஒருவர் தன் 14 அடி ஃபைபர் மீன்பிடிப் படகை இலவசமாகவே எடுத்துக்கொள்ளச் சொல்கிறார். பல வருடமாக வெட்டவெளியில் கிடக்கிறது. மேல்பூச்சு வெளுத்திருக்கிறது, அவ்வளவுதான். உடைசல் எதுவும் இல்லை. வாங்கலாமா?

ப: அந்த "அவ்வளவுதான்" மீதுதான் எனக்குச் சந்தேகம். பூச்சு வெளுப்பது ஒரு நோயே இல்லை. கண்ணாடி இழையும் ரெசினும் சேர்ந்த ஓடு லேசில் சாகாது. சாவதெல்லாம் அதற்குள் ஒளிந்திருக்கும் மரம். மோட்டார் தொங்கும் பின்பலகை, தரைக்கு அடியில் ஓடும் நீள்சட்டங்கள், தரைப்பலகை ஆகிய மூன்றும் பெரும்பாலான பழைய படகுகளில் பிளைவுட்தான். மேலே ஃபைபர் போர்த்தியிருக்கும். யாரோ ஒருவர் தூண்டில் தாங்கி மாட்ட ஒரு ஸ்க்ரூ ஏற்றியிருப்பார், ஓட்டைக்குள் பசை வைத்திருக்க மாட்டார். தண்ணீர் அந்த வழியாக இறங்கி, வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தங்கியிருக்கும்.

ஒரு சின்னச் சுத்தியல், இல்லையென்றால் கனமான நாணயம் எடுத்துக்கொண்டு போங்கள். உடம்பு முழுக்கத் தட்டுங்கள். நல்ல இடம் கணீரென்று பதில் சொல்லும். அடுக்கு பிரிந்த இடமும் ஊறிய மரமும் சத்தத்தை விழுங்கி "தொப்" என்னும். தொப் கேட்ட இடத்தையெல்லாம் சாக்பீஸால் வட்டமிடுங்கள். உறவினர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

அடுத்து மோட்டார். அது பின்பலகையில் மாட்டியிருந்தால், அதன் கீழ்க்காலைப் பிடித்து மேலும் கீழும் அழுத்துங்கள். பலகை வளைந்துகொடுத்தால் உள்ளே மரம் போய்விட்டது. மோட்டார் இல்லையென்றால் உட்புறத்திலிருந்து 4 மி.மீ. துளை ஒன்று, அடியோரமாக, வெளி ஓட்டைத் தொடாமல் போடுங்கள். வெளிறிய, காய்ந்த தூள் வந்தால் சந்தோஷம். கறுத்த ஈரக்கூழ் வந்தால் பின்பலகையை மாற்றியாக வேண்டும். சோதனை முடிந்ததும் துளையை எபாக்ஸியால் (இரண்டு திரவம் கலந்து இறுகும் பசை ரெசின்) அடைத்துவிடுங்கள்.

கடைசியாக, தூக்கிப் பாருங்கள். நாலு பேர் தூக்க வேண்டிய படகுக்கு எட்டுப் பேர் தேவைப்பட்டால் மிச்ச எடை தண்ணீர்.

பின்பலகை, நீள்சட்டம், தரை மூன்றும் கெட்டிருந்தாலும் வாங்கலாம். ஆனால் இலவசம் என்று யாரிடமும் சொல்லிக்கொள்ளாதீர்கள்.

கே: பின்பலகை மெத்தென்று இருக்கிறது. சின்னச் சின்னத் துளை போட்டு எபாக்ஸியை உள்ளே செலுத்தினால் மரம் இறுகிவிடும் என்று நண்பர் சொல்கிறார். உண்மையா?

ப: நண்பருக்கு வேலை செய்ய மனமில்லை. ஈர மரத்துக்குள் எபாக்ஸி ஊறாது. துளையைச் சுற்றிக் கொஞ்சம் பரவி நின்றுவிடும். பலகையில் அங்கங்கே கல் பதித்த மாதிரி ஆகும், நடுவில் கூழ் அப்படியே இருக்கும். அந்தப் பலகையில்தான் மோட்டாரின் மொத்தத் தள்ளுவிசையும் விழப்போகிறது.

மாற்றுவதுதான் வழி. வெளி ஓட்டைத் தொடாமல் உள்பக்கமாகவே முடித்துவிடலாம். முதலில் பின்பலகையின் உயரம், சாய்வு, மோட்டார் போல்ட் துளைகள் எல்லாவற்றையும் அளந்து ஓர் அட்டையில் வரைந்துகொள்ளுங்கள். அவுட்போர்டு மோட்டார்களில் குட்டைத்தண்டுக்கு 15 அங்குலம், நீளத்தண்டுக்கு 20 அங்குலம் என்று பின்பலகை உயரம் கணக்கு. பழைய உயரம் தொலைந்தால் காற்றாடி தண்ணீரில் சரியாக உட்காராது.

பிறகு வெளிப்புறம் நேரான கட்டைகளை முட்டுக்கொடுங்கள். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். உள்ளே மரம் போனதும் வெளி ஓடு வெறும் தோல்தான். தன் இஷ்டத்துக்கு வளையும், வளைந்த வடிவத்திலேயே புதுப்பலகையும் ஒட்டிக்கொள்ளும். ரம்பத்தின் ஆழத்தை உள்தோலின் கனத்துக்கு மட்டும் வைத்து, ஓரங்களில் இரண்டு மூன்று அங்குலம் விட்டு வெட்டி எடுங்கள். அழுகிய மரம் கையோடு வரும். அழுகாத மரம்தான் உயிரை வாங்கும். உளியும் கிரைண்டரும் வைத்துச் சுரண்ட வேண்டியதுதான். சுரண்டியபின் நல்ல தண்ணீரால் கழுவிக் காயவிடுங்கள். உப்பு மிச்சமிருந்தால் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். காய்ந்ததா என்று தெரிய, பாலிதீன் தாள் ஒன்றை நாலு பக்கமும் டேப்பால் ஒட்டிவைத்து மறுநாள் பாருங்கள். உள்பக்கம் வியர்த்திருந்தால் இன்னும் காயவில்லை.

புதிய பலகைக்கு மரைன் பிளைவுட் 18 மி.மீ. இரண்டை ஒன்றோடொன்று ஒட்டினால் போதும். சாதாரணமாக இந்த அளவுப் படகுகளின் பின்பலகை ஒன்றரை அங்குலம், அதாவது 38 மி.மீ.; மேலே ஃபைபர் ஏறும்போது கணக்கு சரியாகிவிடும். வெட்டிய விளிம்புகள் ரெசினை உறிஞ்சும்வரை பூசுங்கள். தண்ணீர் முதலில் நுழைவது அங்கேதான். வெளி ஓட்டின் உள்முகத்தில், கரண்டியைக் கவிழ்த்தாலும் விழாத பதத்தில் சிலிக்கா கலந்த எபாக்ஸியைப் பல்கரண்டியால் பரப்பிப் பலகையை அழுத்துங்கள். சுற்றிலும் பசை பிதுங்கி வர வேண்டும். பிதுங்காத இடத்தில் காற்று உட்கார்ந்திருக்கிறது, நாளை தண்ணீர் உட்காரும்.

பலகையும் பக்கச் சுவரும் சேரும் மூலையைப் பட்டி வைத்து உருட்டையாக்குங்கள். கண்ணாடி இழை கூர்மூலையில் படியாது, தூக்கிக்கொண்டு நிற்கும். அதற்குமேல் இழைத்துணியை முதல் அடுக்கு 2 அங்குலம், அடுத்தது 4, அடுத்தது 6 என்று பக்கச்சுவர் மேல் ஏற்றிக்கொண்டே போங்கள். மோட்டார் போல்ட் துளைகளை வேண்டிய அளவைவிடப் பெரிதாகப் போட்டு, எபாக்ஸி நிரப்பி, இறுகிய பிறகு நடுவில் சரியான துளை போடுங்கள். இனி போல்ட் ஓரமாக ஒழுகினாலும் தண்ணீர் மரத்தைப் பார்க்காது.

கே: எபாக்ஸியா, பாலியெஸ்டர் ரெசினா?

ப: பழைய ஃபைபர்மேல் ஒட்டுவதில் எபாக்ஸிக்குத்தான் பிடிமானம் அதிகம். மரம் சம்பந்தப்பட்ட இடத்துக்கும் தண்ணீர்க்கோட்டுக்குக் கீழேயும் நான் அதைத்தான் எடுப்பேன். பெரிய பரப்பை அடுக்கிக் கனமாக்க வேண்டுமென்றால் பாலியெஸ்டர் போதும், செலவும் குறைவு.

கலந்து விளையாடுபவர்களுக்கு இரண்டு எச்சரிக்கை. பாலியெஸ்டர் மேல் எபாக்ஸி ஒட்டும். எபாக்ஸிமேல் பாலியெஸ்டர் சரியாக இறுகாது, ஒட்டாது. வெட்டிய கண்ணாடி இழைகளை விரிப்பாக ஒட்டிச் செய்த "மேட்" ஒன்று உண்டு. அதில் இழைகளைச் சேர்த்துப் பிடித்திருக்கும் பசை, பாலியெஸ்டரில் உள்ள ஸ்டைரீனில் கரைவதற்காகச் செய்தது. எபாக்ஸியில் அது கரையாது, மேட் விறைத்துக்கொண்டு நிற்கும். எபாக்ஸி என்றால் நெய்த துணியோ தைத்த துணியோ எடுங்கள்.

கே: ஒரு டப்பா ரெசின் கலந்தேன். பாதி பூசுவதற்குள் டப்பா கொதித்துப் புகைந்தது. மறுநாள் கேட்டலிஸ்ட் (ரெசினை இறுகவைக்கும் திரவம்) குறைத்தேன், இரண்டு நாளாகியும் பிசுபிசுக்கிறது. என்னதான் அளவு?

ப: பாலியெஸ்டருக்கு எடையில் 1 முதல் 2 சதவீதம். அரைக் கிலோ ரெசினுக்கு 5 முதல் 10 கிராம். வெயில் நாளில் 1 பக்கம், குளிர் நாளில் 2 பக்கம். 1-க்குக் கீழே போனால் அது ஒருநாளும் முழுதாக இறுகாது. கண்மதிப்பு வேண்டாம், தராசு வாங்குங்கள். புகைந்ததற்கு அளவு மட்டும் காரணமில்லை. ஆழமான டப்பாவில் மொத்தமாக இருந்தால் வெப்பம் வெளியேறாமல் ஒன்றையொன்று சூடேற்றும். அகலத் தட்டில், கால் மணி நேரத்தில் முடியும் அளவுக்கு மட்டும் கலக்குங்கள்.

பிசுபிசுப்புக்கு வேறு காரணமும் இருக்கலாம். பாலியெஸ்டரின் மேல்முகம் காற்றுப் பட்டால் இறுகாது. அடுத்த அடுக்கு ஒட்டுவதற்கு அது நல்லதுதான். கடைசி அடுக்குக்கு மட்டும் மெழுகு சேர்த்த ரெசின் பயன்படுத்துங்கள். நகத்தால் அழுத்திப் பாருங்கள்: மேலே மட்டும் ஒட்டினால் இதுதான் விஷயம். அடிவரை மெத்தென்றிருந்தால் சுரண்டி எடுப்பதைத் தவிர வழியில்லை.

கே: என் கணவர் வீட்டுக் கார் ஷெட்டில் படகு வேலை பார்க்கிறார். வீடெல்லாம் நாற்றம். "கைக்குட்டை கட்டிக்கிட்டா போதும்" என்கிறார். சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

ப: இந்தப் பக்கத்தை அவரிடம் காட்டுங்கள் அம்மா. அந்த நாற்றம் ஸ்டைரீன் ஆவி. கைக்குட்டையோ தூசி முகமூடியோ ஆவியைத் தடுக்காது. கரிமஆவி வடிகட்டி பொருத்திய முகமூடி வேண்டும். தேய்க்கும்போது தூசி வடிகட்டியும் சேர வேண்டும். ஆவி தீப்பற்றக்கூடியது, வீட்டோடு ஒட்டிய ஷெட் என்றால் கதவு திறந்திருக்க வேண்டும், அருகே அடுப்போ தீப்பொறியோ கூடாது. முடிந்தால் படகை வெளியே தள்ளி, மேலே கூரை போட்டு வேலை பார்க்கச் சொல்லுங்கள்.

எனக்கு இதைவிடப் பயம் கேட்டலிஸ்ட் பாட்டில். அது கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம். கண்ணாடி அணியாமல் அதைத் திறக்கவே கூடாது. பட்டுவிட்டால் குறைந்தது 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவி, உடனே மருத்துவரிடம் போக வேண்டும். பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில் பூட்டி வையுங்கள். ரெசின் இறுகுவதை விரைவுபடுத்தும் கோபால்ட் கரைசலைத் தனியாக வாங்கி வைத்திருக்கிறாரா என்றும் கேளுங்கள். அதையும் கேட்டலிஸ்டையும் நேரடியாகச் சேர்த்தால் வெடிக்கும். கோபால்ட் முன்பே கலந்த ரெசினாக வாங்கினால் இந்தத் தொல்லையே இல்லை.

கே: தரைக்கு அடியில் இருந்த மஞ்சள் ஃபோம் பஞ்சு மாதிரி தண்ணீர் குடித்திருந்தது. வெட்டி எறிந்துவிட்டேன். அப்படியே காலியாக விடலாமா? அல்லது தெர்மாகோல் வைக்கலாமா?

ப: எறிந்தது சரி, காலியாக விடக்கூடாது. பாஸ்டன் வேலர் படகை உருவாக்கிய டிக் ஃபிஷர், 1961-இல் தன் 13 அடிப் படகில் உட்கார்ந்திருக்கும்போதே அதை இரண்டாக அறுக்க வைத்து, பின்பாதியை மோட்டாரோடு ஓட்டிக்கொண்டு போனார். லைஃப் பத்திரிகையில் படம் வந்தது. உள்ளே நிரம்பியிருந்த ஃபோம்தான் அந்த வித்தையைச் செய்தது. உங்கள் படகில் தண்ணீர் நிரம்பினால் நீங்கள் பிடித்துத் தொங்க ஏதாவது மிதக்க வேண்டும் அல்லவா?

கணக்கு எளிது. கன மீட்டருக்கு 32 கிலோ எடையுள்ள ஃபோமில் 100 லிட்டர், 3 கிலோதான் கனக்கும், 95 கிலோவுக்கு மேல் தாங்கும். ஃபைபர் ஓடு தண்ணீருக்குள் தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு அளவுதான் இழுக்கும். மோட்டாரும் பேட்டரியும்தான் அதைவிட அதிக பலத்தோடு கீழே இழுப்பவை. அவற்றை வைத்துக் கணக்குப் போடுங்கள், கொஞ்சம் தாராளமாகவே. ஃபோம் எல்லாவற்றையும் ஏராவை (படகின் அடித்தண்டை) ஒட்டிக் கீழேயே வைக்காமல், பக்கவாட்டில் உயரமாகவும் வையுங்கள். இல்லாவிட்டால் படகு மிதக்கும், ஆனால் கவிழ்ந்து மிதக்கும்.

தெர்மாகோல் வேண்டாம். பெட்ரோல் பட்டால் கரையும், பாலியெஸ்டர் ரெசின் பட்டாலும் கரையும். இரண்டு திரவம் கலந்து ஊற்றும் பாலியூரித்தேன் ஃபோம் எடுங்கள். கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள், காற்று வெளியேறத் துளை விடுங்கள். மூடிய அறைக்குள் மொத்தமாக ஊற்றினால் தரையையே தூக்கிவிடும். அடியில் பாதியாகப் பிளந்த பிவிசி குழாயைக் கவிழ்த்துவைத்தால் தண்ணீர் வடிகால் ஓட்டை வரை ஓட வழி கிடைக்கும்.

கே: மேல்பூச்சு முழுக்கச் சிலந்திவலை மாதிரி விரிசல். படகு உடைந்துவிடுமா?

ப: ஒரே புள்ளியிலிருந்து நட்சத்திரமாகக் கிளம்பினால் அங்கே ஏதோ இடித்திருக்கிறது; உள்பக்கமும் பாருங்கள். மூலைகளில் இணைகோடுகளாக இருந்தால் அந்த இடம் வளைந்துகொடுக்கிறது. பட்டி போட்டு மூடினால் மறுபடி வரும், உள்ளிருந்து வலுவூட்ட வேண்டும். எங்கும் ஒரே மாதிரி பரவியிருந்தால் ஜெல்கோட்டை, அதாவது அந்த மேல்பூச்சை, கனமாகப் பூசியிருப்பார்கள். அரை மி.மீ. சுற்றி இருக்க வேண்டியது அது. அழகுக் குறைதான், தூங்கப் போங்கள்.

கே: பெயின்ட் அடிப்பதா, புதிதாக ஜெல்கோட் போடுவதா?

ப: முதலில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். நனைந்ததும் பழைய நிறம் திரும்பினால் இரண்டுமே வேண்டாம். 600, 800, 1000 என்று நீர் உப்புத்தாள் போட்டு, மெருகேற்றும் காம்பவுண்டு தேய்த்து, மெழுகு பூசினால் மின்னும். நிறம் திரும்பாவிட்டால் எபாக்ஸி பிரைமர் மேல் இருகூட்டு பாலியூரித்தேன் பெயின்ட். ரோலரால் ஒருவர் உருட்ட, பின்னாலேயே இன்னொருவர் பிரஷ் நுனியால் வருடிக்கொண்டே வர வேண்டும். வீட்டில் ஸ்ப்ரே அடிக்க ஆசைப்படாதீர்கள், அதிலுள்ள ஐசோசயனேட் நுரையீரலுக்கு ஆகாது. ஜெல்கோட்டை ரோலரில் போட்டால் ஆரஞ்சுத்தோல் மாதிரி வரும், வழவழப்பாக்க வாரக்கணக்கில் தேய்க்க வேண்டும். இன்னொன்று: தேய்ப்பதற்கு முன்பே கரைப்பானால் பழைய மெழுகைத் துடைத்துவிடுங்கள். தேய்த்த பிறகு துடைத்தால் மெழுகு கீறல்களுக்குள் இறங்கியிருக்கும், பெயின்ட் மீன்கண் மாதிரி வட்டவட்டக் குழிகளாகப் பிளக்கும்.

கே: எல்லாம் முடிந்தது. தண்ணீரில் விடுமுன் ஒழுகுகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ப: படகு டிரெய்லரில் இருக்கும்போதே உள்ளே கணுக்கால் அளவு தண்ணீர் ஊற்றுங்கள், அதற்குமேல் வேண்டாம். லிட்டருக்கு ஒரு கிலோ. டிரெய்லரும் அதன் தாங்குகட்டைகளும் தாங்கியாக வேண்டும். ஒரு மணி நேரம் விட்டுவிட்டு, அடியில் காய்ந்த காகிதம் விரித்து, எங்கே நனைகிறது என்று பாருங்கள். நனைந்த இடத்துக்கு நேர்மேலே ஓட்டை இருக்கும் என்று நம்பாதீர்கள். தண்ணீர் ஓட்டின்மேல் ஓடி, தாழ்ந்த இடத்தில்தான் சொட்டும். சொட்டிலிருந்து மேல்நோக்கி விரலால் தடவிக்கொண்டே போனால் ஈரம் தொடங்கும் இடம் கிடைக்கும், அங்கே பென்சிலால் குறியுங்கள். அப்புறம் வடிகால் அடைப்பானைக் கழற்றித் தண்ணீரை வெளியேற்றுங்கள். படகை இறக்கும் அன்று அதைத் திரும்ப மாட்டியிருக்கிறீர்களா என்று வீட்டில் இன்னொருவரையும் பார்க்கச் சொல்லுங்கள்.