புயலுக்குப் பிறகு வீட்டு மரம்: வெட்டுவதா, விடுவதா?

கேள்வி (பேராவூரணி): கொல்லையில நிக்கிற 12 வயசுத் தென்னை புயல்ல பாதி சாஞ்சிடுச்சு. 2018-ல கஜா அடிச்சப்ப கயிறு கட்டி நிமிர்த்தின மரங்கள்ல நிறைய பட்டுப்போச்சு. இதையும் நிமிர்த்தணுமா, வெட்டிடலாமா?

பதில்: நிமிர்த்தவும் வேண்டாம், வெட்டவும் வேண்டாம். வளர்ந்த தென்னையை இழுத்து நிமிர்த்தும்போது மண்ணைப் பிடித்திருக்கிற மிச்ச வேரும் அறுந்துவிடுகிறது. அதுதான் பல மரங்கள் பட்டுப்போகக் காரணம். தென்னைக்கு அடித்தண்டிலிருந்து புது வேர் வந்துகொண்டே இருக்கும். பாதி வேர் மண்ணுக்குள் இருந்தால் சாய்ந்தபடியே பிழைத்துக்கொள்ளும். தலை தானாக வளைந்து மேல்நோக்கிப் போகும்.

இரண்டு சவுக்குக் கட்டைகளைப் பெருக்கல் குறி மாதிரிக் கட்டி, சாய்ந்த பக்கம் முட்டுக் கொடுங்கள். கட்டை தண்டில் படுகிற இடத்தில் சாக்கை மடித்து வையுங்கள். ஆணி அடிக்காதீர்கள், தென்னையில் விழுந்த காயம் ஆறாது, அந்த வாசனைக்கே தண்டைக் குடைகிற சிவப்புக் கூன்வண்டு வந்துவிடும். காய்க் குலைகளையும் அடிமட்டைகளையும் இறக்கிப் பாரத்தைக் குறையுங்கள். வெளியே தெரியும் வேர் மூடும்படி ஒன்று, ஒன்றரை அடி உயரத்துக்கு மண் அணையுங்கள். புது வேர் பிடிக்கும்வரை, அதாவது இரண்டு மூன்று மாதம், உரம் வேண்டாம்.

நாலைந்து வயதுக்குட்பட்ட கன்றை மட்டும் நிமிர்த்தலாம். வேர் தூக்கி நிற்கிற பக்கம் பள்ளம் பறித்து, ஈரம் காய்வதற்குள் மெதுவாக இழுங்கள்.

எந்த வயதானாலும் தண்டு நடுவில் முறுக்கிக் கொண்டு வெடித்திருந்தால் அது ஒட்டாது. அந்த மரத்துக்குச் செலவு செய்யாதீர்கள்.

கேள்வி (பட்டுக்கோட்டை): மரம் நேராத்தான் நிக்குது. ஆனா மட்டையெல்லாம் ஒரே பக்கமா முறுக்கிக்கிட்டுக் கிடக்கு. உயிர் இருக்கான்னு எப்படிப் பார்க்கறது?

பதில்: குருத்தைப் பாருங்கள். தென்னைக்கு வளரும் முனை ஒன்றே ஒன்று. அது போனால் மரம் போனதுதான். ஏறத் தெரிந்தவரை ஏற்றி, விரியாத குருத்திலும் பக்கத்து மட்டையிலும் ஒரே மட்டத்தில் பெயின்ட் கோடு போடச் சொல்லுங்கள். இரண்டு வாரம் கழித்துக் குருத்தின் கோடு மேலே ஏறியிருந்தால் உயிர் இருக்கிறது. குருத்தை லேசாக இழுத்ததுமே கையோடு வந்து நாற்றமடித்தால் குருத்தழுகல். அழுகியதை நல்ல திசு தெரியும்வரை கத்தியால் வழித்தெடுத்து, போர்டோ பசை தடவி, மழைநீர் இறங்காமல் புதுக் குருத்து வரும்வரை மூடிவையுங்கள்.

பசைக்கு மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) 100 கிராம், சுட்ட சுண்ணாம்பு 100 கிராம், தண்ணீர் ஒரு லிட்டர். இரண்டையும் தனித்தனி பிளாஸ்டிக் வாளியில் அரை லிட்டரில் கரைத்துப் பிறகு கலக்குங்கள். இரும்பு, தகரப் பாத்திரம் ஆகாது. கலந்ததும் ஒரு பழைய இரும்புக் கத்தியை முக்கி எடுங்கள். செம்பு நிறம் படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை, இன்னும் கொஞ்சம் சேருங்கள். அன்றைக்குக் கலந்ததை அன்றைக்கே தீர்த்துவிடுங்கள்.

கேள்வி (தாம்பரம்): வாசல் வேப்ப மரத்துல பெரிய கிளை முறிஞ்சு, பட்டையோட தொங்குது. தண்டை ஒட்டி வழவழன்னு அறுத்துட்டு, தார் பூசிடலாமா?

பதில்: இரண்டும் வேண்டாம். கிளை தண்டில் சேருமிடத்தில் வளையம் போல் ஒரு புடைப்பு இருக்கும். காயத்தை மூடி வளர்கிற பட்டை அங்கிருந்துதான் வரும். ஒட்டி அறுத்தால் அதுவும் போய்விடும். முதலில் புடைப்பிலிருந்து ஒரு அடி தள்ளி, கிளையின் அடிப்பக்கம் மூன்றில் ஒரு பங்கு அறுங்கள். அதற்கு இரண்டு அங்குலம் வெளியே மேலிருந்து அறுத்தால், பட்டை உரியாமல் கிளை விழும். மிச்சக் கட்டையைப் புடைப்புக்கு வெளியே அறுத்து எடுங்கள். ஏற்கெனவே கிழிந்த பட்டையின் ஓரத்தைக் கூர்க்கத்தியால் சீவிவிட்டால் போதும். தார் ஈரத்தை உள்ளே அடைத்து அழுகலைத்தான் வளர்க்கும். பொந்தில் சிமென்ட் அடைப்பதும் அப்படியே. மரம் ஆடும், சிமென்ட் ஆடாது, நடுவில் நீர் இறங்கும்.

கிளை மின்கம்பியைத் தொட்டுக்கொண்டிருந்தால் மின்வாரியம் மின்சாரத்தை நிறுத்தும்வரை மரத்தடிக்கே போகாதீர்கள்.

கேள்வி (கும்பகோணம்): முருங்கை பாதியில ஒடிஞ்சிடுச்சு.

பதில்: கவலையே வேண்டாம். தரையிலிருந்து மூன்றடியில் சாய்வாக வெட்டிவிடுங்கள், துளிர்த்துவிடும். ஒடிந்த கிளைகளில் தடித்தவற்றை மூன்றடிப் போத்துகளாக வெட்டி நடுங்கள்.

கேள்வி (பண்ருட்டி): பலா மரம் கவைக்கு நடுவுல ரெண்டா பிளந்து நிக்குது. கம்பியால சுத்திக் கட்டியிருக்கேன், போதுமா?

பதில்: கம்பியை இன்றைக்கே அவிழ்த்துவிடுங்கள். தண்டு பருக்கப் பருக்க அது பட்டைக்குள் இறங்கி மரத்தை நெரித்துவிடும். இரண்டு கிளையிலும் நுனிப் பாரத்தைக் குறைத்து, கயிறு போட்டுப் பிளவு நெருங்கும்வரை இறுக்குங்கள். பிறகு பிளவுக்குக் குறுக்கே துளையிட்டு, 12 மி.மீ. மரைக்கம்பியை முழுதாகச் செலுத்தி, இருபுறமும் அகலமான வாஷர் வைத்து நட்டு போட்டு முடுக்குங்கள். ஒரு அடி கீழே இன்னொன்று. பிளவு தரைவரை இறங்கி, கிளை வீட்டுப் பக்கம் சாய்ந்திருந்தால் மனதைக் கல்லாக்கிக்கொண்டு வெட்டிவிடுவதே நல்லது.

கேள்வி (நாகப்பட்டினம்): வேரோட விழுந்த பெரிய வேம்பை அறுக்க ஆள் வர்றாங்க. எதைக் கவனிக்கணும்?

பதில்: வேர் பெயர்ந்த பள்ளத்தைத்தான். தண்டை அறுத்ததும் பாரம் குறைந்து, வேர்க்கட்டி மண்ணோடு சட்டென்று திரும்பி நிமிரும். அந்தப் பள்ளத்தில் குழந்தைகள் விளையாடிக்கொண்டிருப்பார்கள், ஆடு நிற்கும். வேர்க்கட்டியைக் கயிற்றால் இழுத்துக் கட்டிவிட்டு அறுக்கச் சொல்லுங்கள். வளைந்து அழுந்திக் கிடக்கும் கிளையை அறுக்கும்போதும் அது விசையோடு எகிறும். வளைவின் உட்புறம் முதலில் ஆழமில்லாமல் ஒரு வெட்டு, அப்புறம் வெளிப்புறம்.

கேள்வி (வேதாரண்யம்): விழுந்த தென்னை மரத்தை அப்படியே போட்டு வைக்கலாமா? மக்கினா உரமாகுமே?

பதில்: உரமாவதற்குள் காண்டாமிருக வண்டு முட்டையிட்டுவிடும். பிழைத்த மரங்களின் குருத்தை அடுத்து அதுதான் குடையும். தண்டைத் துண்டு போட்டுப் பிளந்து காயவைத்து அப்புறப்படுத்துங்கள். அடிக்கட்டையைத் தோண்ட முடியாவிட்டால் தரைமட்டத்தில் அறுத்து, ஒரு அடி மண் போட்டு மூடுங்கள். நிற்கிற மரங்களுக்கு வேப்பங்கொட்டைத் தூள் ஒரு பங்கு, மணல் இரண்டு பங்கு கலந்து, மரத்துக்கு 150 கிராம் வீதம் குருத்தை ஒட்டிய மட்டை இடுக்குகளில் வையுங்கள்.