துங்கநாத்துக்கு ஏப்ரலில் போகலாமா?

அன்புள்ள ஐயா,

ஏப்ரல் முதல் வாரத்தில் நானும் அண்ணனும் உத்தராகண்ட் போகிறோம். மலையேற்றம் தொடங்கும் சோப்தாவில் தங்கி, ஒரே நாளில் துங்கநாத் சிவன் கோயிலுக்கும் அதற்கு மேலே உள்ள சந்திரசிலா உச்சிக்கும் ஏறி இறங்குவதாகத் திட்டம். பாதையில் பனி கிடக்கும் என்கிறார்கள். கோயிலும் திறந்திருக்காதாம். பூட்டிய கதவைப் பார்க்கவா இவ்வளவு தூரம் என்று அம்மா கேட்கிறார். மே மாதத்துக்குத் தள்ளிவிடலாமா?

ஒரு வாசகர், கோவை

அன்புள்ள நண்பருக்கு,

தள்ள வேண்டாம். கோயில் திறந்துவிட்டால் அந்தக் கல் பாவிய பாதையில் ஆட்களும் குதிரைகளும் நிறைந்துவிடும். ஏப்ரல் தொடக்கத்தில் அதே பாதையில் உங்கள் மூச்சுச் சத்தம் உங்களுக்கே கேட்கும். சோப்தாவைச் சுற்றி புரான்ஷ் மரங்கள் சிவப்பாகப் பூத்து நிற்கும். நம் நீலகிரியில் காட்டுப்பூவரசு என்கிறோமே, அதே இனம்தான். பார்த்ததும் உங்களுக்கு ஊர் ஞாபகம் வரும்.

பனியைப் பற்றித்தான் நீங்கள் கவலைப்பட வேண்டும். சோப்தா ஏறத்தாழ 2,700 மீட்டர், துங்கநாத் 3,680. நாலு கிலோமீட்டருக்குள் கிட்டத்தட்ட ஆயிரம் மீட்டர் ஏற்றம். வெயில் படாத மடிப்புகளில் பனி நிறைய நாள் கிடக்கும். இரவுக் குளிரில் அது கல்லாக இறுகிவிடுவதால் காலையில் வழுக்கும். ஷூவுக்கு அடியில் மாட்டும் ஸ்பைக்ஸ் இருந்தால் அதன்மேல் நன்றாக நடக்கலாம். வெயில் ஏறியதும் இளகி, முழங்கால் வரை உள்ளே வாங்கும். மதியத்துக்கு மேல் மேகமும் வந்து மூடிக்கொள்ளும். அதனால் விடிவதற்கு முன்பே கிளம்பி, மதியத்துக்குள் இறங்கிவிடுங்கள். கறுப்புக் கண்ணாடி அவசியம், பனியில் பட்டு வரும் வெயில் கண்ணைக் கெடுத்துவிடும். முந்தைய இரவு சோப்தாவில் தங்குவது நல்லது. தலைவலியோடு குமட்டலும் வந்தால் மேலே போகாதீர்கள்.

கோயிலிலிருந்து சந்திரசிலாவுக்கு ஏறும் சரிவு வேறு விஷயம். நான் போனபோது அங்கே பாதையே தெரியவில்லை, சரிவு முழுக்க ஒரே வெள்ளை. மணி பத்தரை. வைத்த கால் புதையத் தொடங்கிவிட்டது. உச்சி கண்ணெதிரே, இன்னும் அரை மணி நேரம்தான். கால் சறுக்கினால் பிடித்துக்கொள்ள அந்தச் சரிவில் எதுவும் இல்லை. திரும்பிவிட்டேன். இரண்டு நாள் மனசு கேட்கவில்லை, அப்புறம் சரியாகிவிட்டது. கோயில் வாசலில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பனிமலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அது இன்றும் என்னோடு இருக்கிறது. சந்திரசிலாவை இப்போதே திட்டத்தில் சேர்க்காதீர்கள். கோயில் வாசலில் நின்று, அந்தச் சரிவைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். அண்ணன் தயங்கினால் அதோடு நிறுத்திவிடுங்கள்.

அம்மாவுக்கு ஒரு பதில் இருக்கிறது. குளிர்காலத்தில் துங்கநாதருக்குப் பூஜை கீழே மக்குமட் கிராமத்தில் நடக்கும். உற்சவமூர்த்தியை அங்கேதான் வைத்திருப்பார்கள், நீங்கள் போகும்போதும் அங்கேதான் இருப்பார். உகீமட்டிலிருந்து சோப்தா போகும் சாலையை விட்டுக் கொஞ்சம் விலக வேண்டும், அவ்வளவுதான். முதலில் அங்கே கும்பிட்டுவிட்டு மலைக்குப் போங்கள். அம்மாவுக்குப் பிரசாதமும் அங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள்.