தம்பிக்கு ஹோமா, அதே பில்டிங்கில் வீடா?

கேள்வி: செம்பூரில் எங்கள் பழைய பில்டிங் ரீடெவலப்மெண்டுக்குப் போகிறது, இடித்துவிட்டு பில்டர் புதிதாகக் கட்டித் தருவார். லிஃப்ட் கிடையாது, நாங்கள் இரண்டாவது மாடி. லோக்கல் ரயிலிலிருந்து விழுந்து முதுகுத்தண்டில் அடிபட்டதிலிருந்து என் தம்பி வீல்சேரில்தான் இருக்கிறான். பன்வேல் பக்கம் ஏதாவது ஹோமில் சேர்த்துவிடலாம் என்கிறார் அண்ணி. மெல்போர்னில் இருக்கும் சித்தி மகனோ, அங்கே இவர்களுக்கென்றே வீடு கட்டித் தருகிறார்கள் என்கிறான். நாங்கள் என்ன செய்வது?
- வாசகி, செம்பூர், மும்பை

பதில்: சித்தி மகன் சொல்வது உண்மைதான், ஆனால் பாதி உண்மை. ஆஸ்திரேலியாவில் மாற்றுத்திறனாளிகளுக்கு அரசு உதவும் என்டிஐஎஸ் திட்டத்தில் அப்படி வீட்டுக்கென்று தனி நிதி உண்டு, அது கிடைப்பது மிக அதிக உதவி தேவைப்படுகிற சிலருக்கு மட்டும். அதில் எனக்குப் பிடித்தது, வீட்டுக்கான பணம் வேறு, பார்த்துக்கொள்ள வரும் ஆளுக்கான பணம் வேறு. ஆள் சரியில்லையென்றால் ஆளை மாற்றலாம், வீட்டைக் காலி செய்ய வேண்டாம். ஹோமில் இரண்டும் ஒருவர் கையில் இருக்கும், குறை சொல்லவே தயக்கம் வரும்.

இன்னொன்று. நெதர்லாந்தில் 1962-ல் டிவியில் விடிய விடிய நிகழ்ச்சி நடத்திப் பணம் திரட்டி, ஆர்னெம் அருகே மாற்றுத்திறனாளிகளுக்கென்றே ஹெட் டார்ப் என்று ஒரு கிராமத்தையே கட்டினார்கள். வசதிக்குக் குறைவில்லை, ஆனால் ஊரோடு ஒட்டாமல் ஒதுக்கி வைத்ததுபோல் ஆகிவிட்டது என்ற பேச்சு பின்னால் வந்தது. அதே அறுபதுகளில் ஸ்வீடனில் ஃபோகஸ் என்ற அமைப்பு, சாதாரண அடுக்குமாடிகளுக்குள்ளேயே சில வீடுகளை இவர்களுக்கேற்ப அமைத்து, கூப்பிட்டால் வர ஆளும் வைத்தது. என் ஓட்டு ஸ்வீடனுக்கு, அதாவது ஹோம் வேண்டாம், அதே பில்டிங்கில் வீடு. அப்புறம், தம்பி என்ன நினைக்கிறார் என்று உங்கள் கடிதத்தில் ஒரு வரி கூட இல்லையே, அவரைக் கேட்டீர்களா?

வீட்டு விஷயத்துக்கு வருவோம். ஒரு நாளில் அவர் எத்தனை தடவை இன்னொருவரைக் கூப்பிட வேண்டியிருக்கிறது, எனக்கு அதுதான் கணக்கு. ராத்திரி அக்காவை எழுப்பக் கூச்சப்பட்டு சாயங்காலமே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுபவர்கள் இருக்கிறார்கள், முதுகுத்தண்டு அடிபட்டவர்களுக்கு அது சிறுநீர்த் தொற்றிலும் கல்லிலும் கொண்டு போய் விடும். அதனால் ஹாலை விடுங்கள், பாத்ரூமைப் பிடித்துக்கொள்ளுங்கள். கதவு திறந்த நிலையில் 90 சென்டிமீட்டர் வழி வேண்டும் (சக்கரத்தைத் தள்ளும் கை இடிக்கக் கூடாதே), அதுவும் ஸ்லைடிங் கதவாகவோ வெளிப்பக்கம் திறப்பதாகவோ இருக்க வேண்டும், ஏனென்றால் உள்ளே விழுந்துவிட்டால் உள்பக்கம் திறக்கும் கதவை அவர் உடம்பே அடைத்துக்கொள்ளும். வாசலில் தண்ணீர் வராமலிருக்கக் கட்டும் மேடு கூடாது. வீல்சேர் திரும்ப ஐந்தடி இடம். சுவரில் கைப்பிடி வைக்கும் இடங்களை டைல்ஸ் ஒட்டுவதற்கு முன்பே பலப்படுத்தச் சொல்லுங்கள். புதுக் கட்டடங்களில் சுவர் பெரும்பாலும் லேசான பிளாக்தான், முழு உடம்பின் கனத்தில் சாதாரண ஸ்க்ரூ பிடுங்கிக்கொண்டு வந்துவிடும்.

கீழே நுழைவாயிலில் பைக் ஏற்றப் போடும் சரிவைக் காட்டி ராம்ப் என்பார்கள், ஏமாறாதீர்கள். ஒன்றுக்குப் பன்னிரண்டு என்பது கணக்கு, இரண்டடி உயரம் ஏற 24 அடி நீளம். லிஃப்டுக்கு ஜெனரேட்டர் உண்டா என்பதையும் கேளுங்கள்.

இதெல்லாம் சலுகை இல்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-ன் 44-ஆம் பிரிவு, அணுகல் விதிகளுக்குப் பொருந்தாத கட்டடத் திட்டத்துக்கு அனுமதியே தரக் கூடாது என்கிறது. ஆனால் அது பொது வழி, நுழைவாயில் போன்றவற்றுக்குத்தான் அதிகம் கைகொடுக்கும், உங்கள் பாத்ரூம் உங்கள் சாமர்த்தியம். சொசைட்டி (பில்டிங் வீட்டுக்காரர்களின் சங்கம்) பில்டரோடு அக்ரிமெண்ட் போடுவதற்கு முன்பே எழுத்தில் கொடுத்து, உங்கள் ஃப்ளாட்டின் வரைபடத்தை அதில் இணைக்கச் சொல்லுங்கள். தூண் எழுந்தபிறகு கதவை அகலமாக்கச் சொன்னால் சிரிப்பார்கள்.

கட்டி முடியும்வரை இருக்கப்போகிற வாடகை வீடும் இதே மாதிரி பார்த்து எடுக்க வேண்டும், அதை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். லிஃப்ட் இருக்கிறது என்று புரோக்கர் சொன்னால் போதாது. ஒரு டேப் எடுத்துக்கொண்டு போய் லிஃப்ட் கதவையும் பாத்ரூம் கதவையும் அளந்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.