முகாம் அழைப்பு வந்தால் ஆள் எடுக்கிறார்கள் என்று அர்த்தமா?

பத்தாம் வகுப்புப் படிக்கும் மகளுக்கு ஐந்து கல்லூரிகளிலிருந்து கூடைப்பந்து முகாம் அழைப்பு வந்திருக்கிறது, எல்லாவற்றுக்கும் பணம் கட்டலாமா என்று நியூ ஜெர்சியிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். கட்டாதீர்கள். முகாம் விளம்பரத்தை எந்த வகுப்புப் பிள்ளைக்கும் அனுப்ப, அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை நடத்தும் அமைப்பான என்சிஏஏவின் விதி இடம் கொடுக்கிறது. எங்கள் வீட்டுக்கும் கட்டுக்கட்டாக வந்தது. ஒன்றில் மகள் பெயருக்குப் பதிலாக யாரோ ஒரு பையன் பெயர்!

அவளுடைய கிளப் பயிற்சியாளரை அந்தக் கல்லூரிகளுக்குப் போன் செய்யச் சொல்லுங்கள். "இவள் ஆட்டத்தில் என்ன குறை?" என்று கேட்கட்டும். ஆட்டத்தைப் பார்த்தவர், "இடது கையில் பந்தைத் தட்டத் திணறுகிறாள்" என்பார். பார்க்காதவர், "முகாமுக்கு வரட்டும், பார்க்கலாம்" என்பார். முதல் பதில் வந்த இடத்துக்கு மட்டும் போங்கள்.

இன்னொன்று. டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் (வேறு கல்லூரிக்கு மாற விரும்பும் ஆட்டக்காரர்கள் பெயர் பதியும் இணையப் பட்டியல்) வந்தபின் பெரிய அணிகள் ஏற்கெனவே கல்லூரியில் ஆடித் தேறியவர்களைத்தான் அதிகம் தேடுகின்றன. ஏஞ்சல் ரீஸ் என்ற வீராங்கனை 2022ல் மேரிலாண்ட் பல்கலைக்கழகத்திலிருந்து எல்எஸ்யூ (லூசியானா மாநிலப் பல்கலைக்கழகம்) போனார், 2023ல் அந்த அணிக்குத் தேசியக் கோப்பை. அதனால் கல்லூரியின் பெயரைப் பார்க்காமல், வளர்த்தெடுக்கும் பயிற்சியாளரைப் பாருங்கள். விஸ்கான்சினில் போர்ட் விங் என்ற குக்கிராமத்திலிருந்து ஐயோவா பல்கலைக்கழகம் போன மேகன் கஸ்டஃப்சன், நான்காம் ஆண்டில், 2019ல், சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான நெய்ஸ்மித் விருது வாங்கினார்.

அப்புறம் படிப்பு. என்சிஏஏவின் உச்சப் பிரிவான முதல் டிவிஷனில் ஆட, பள்ளியில் 16 முக்கியப் பாடங்கள் முடித்திருக்க வேண்டும், அதில் 10 பன்னிரண்டாம் வகுப்பு தொடங்குமுன் முடிந்திருக்க வேண்டும். பள்ளி ஆலோசகரிடம் இந்த வாரமே பட்டியலைச் சரிபாருங்கள்.