இந்துக்கள் நாகூர் தர்காவுக்குச் செல்வது நல்லிணக்கமா, அறியாமையா?

இதைக் கேட்டவர் டெல்டாவுக்கு வெளியே வளர்ந்தவராக இருக்க வேண்டும். இங்கு வளர்ந்தவர்களுக்கு இது ஒரு கேள்வியாகவே தோன்றியிருக்காது. ‘அறியாமை’ என்ற சொல் என் தாயாரையும் சுட்டுவதால், பதில் எழுதாமல் கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை.

என் தம்பிக்குச் சிறுவயதில் வலிப்பு வந்துகொண்டிருந்தது. மருத்துவம் ஒருபுறம் நடக்க, அம்மா வைத்தீஸ்வரன் கோயிலுக்கு ஒன்றும் நாகூர் ஆண்டவருக்கு ஒன்றுமாக வேண்டிக்கொண்டார். எங்கள் வீட்டுச் சாமி மாடத்தில் மஞ்சள் துணியில் முடிந்த காசும் பச்சைத் துணியில் முடிந்த காசும் அடுத்தடுத்து இருந்தன. ஒன்றுக்கு உரியதை மற்றொன்றில் சேர்த்துவிடக் கூடாது என்பதில் அவர் மிகவும் கண்டிப்பாக இருந்தார். தம்பிக்குக் குணமானதும் நாகூரில் குளக்கரையில் மொட்டையடித்து, தலையில் சந்தனம் பூசி, பூவும் சர்க்கரையும் எடுத்துக்கொண்டு உள்ளே போனோம். சாகிபு தம்பியின் பெயரையும் அப்பாவின் பெயரையும் கேட்டுக்கொண்டு பாத்திஹா ஓதினார்; மயிலிறகால் அவன் தலையை வருடிவிட்டு, சர்க்கரையில் ஒரு பங்கைத் திருப்பிக் கொடுத்தார். அம்மாவின் நெற்றியில் இருந்த திருநீற்றை அங்கு எவரும் அழிக்கச் சொல்லவில்லை. எந்தச் சந்நிதியில் யாரிடம் நிற்கிறோம் என்பதை அவரைவிடத் தெளிவாக அறிந்தவரை நான் கண்டதில்லை.

இது நேற்று முளைத்த வழக்கமும் அல்ல. தர்காவின் ஐந்து மினாராக்களில் மிக உயரமான 131 அடி மினாராவைக் கட்டிக்கொடுத்தவர், 1739 முதல் 1763 வரை தஞ்சையை ஆண்ட மராட்டிய மன்னர் பிரதாப சிங். மறுபக்கம் பாருங்கள்: ஆந்திரத்தில் பிறந்த ஷேக் சின்ன மௌலானா, நாச்சியார்கோயில் ராஜம், துரைக்கண்ணு சகோதரர்களிடம் தஞ்சைப் பாணியைக் கற்று, ஸ்ரீரங்கத்திலேயே குடியமர்ந்து, கோயில் வாத்தியமான நாகசுரத்தில் நாடறிந்த வித்வானாக விளங்கினார். அவர் தொழுகையை விடவும் இல்லை, தியாகையர் கீர்த்தனைகளை விடவும் இல்லை.

தர்கா வழிபாடே மார்க்கத்தில் இல்லை என்று சொல்லும் முஸ்லிம்கள் உண்டு என்பதை அறிவேன். அது அவர்களுக்குள் பேசித் தீர்க்க வேண்டிய விஷயம், அதில் தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. ‘இவர் ஒரு கட்சிக்காக எழுதுகிறார்’ என்று பின்னூட்டமிடப் போகிறவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன்: டெல்டாவில் எல்லாம் நன்றாக இருக்கிறது என்பது என் வாதம் அன்று. நேர்த்திக்கடன் ஒருவரைத் தர்காவின் வாசல்வரை கொண்டுசேர்க்கும். அண்டை வீட்டாராக வாழ வைக்கும் என்பதற்கு அதில் உத்தரவாதம் இல்லை.

என்னுடன் பணிபுரிந்த நாகூர் நண்பர் ஒருவர் எங்கள் ஊரில் வாடகைக்கு வீடு தேடினார். முன்பணம்வரை பேசி முடித்த வீட்டுக்காரர், பெயரைக் கேட்டதும் உறவினர் வருவதாகச் சொல்லி மறுத்துவிட்டார். அந்த வீட்டுக்காரர் ஆண்டுதோறும் நாகூர் தர்காவின் கந்தூரி விழாவுக்குக் குடும்பத்தோடு போகிறவர். அதைச் சொல்லி நேரில் கேட்டபோது, “அது வேற தம்பி, இது வேற” என்றார். அந்தப் பதிலை என்னால் இன்றுவரை ஏற்க முடியவில்லை. நண்பர் கடைசிவரை நாகூரிலிருந்தே பேருந்தில் வேலைக்கு வந்துபோனார்.