அலங்காரக் கட்டானாவில் துருப்புள்ளி, ஆடும் பிடி: எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: கூடத்தில் காட்சிக்கு வைக்க ஜப்பானிய பாணி வாள் ஒன்று வாங்கினேன். 'ஹை கார்பன் ஸ்டீல், கையால் செய்தது' என்று சொல்லி விற்றார்கள். இரண்டு மழைக்காலம் போனதும் அலகில் மிளகு அளவுக்குப் பழுப்புப் புள்ளிகள் தெரிகின்றன. பிடியும் லேசாக ஆடுகிறது. வீடு கடலோரம். பிராஸோ போட்டுத் தேய்க்கலாமா? தேங்காய் எண்ணெய் பூசலாமா?

பதில்: இரண்டும் வேண்டாம். பிராஸோவில் இருக்கும் நுண்துகள் அலகின் மெருகைச் சுரண்டிவிடும். விளிம்பை ஒட்டி அலை அலையாகத் தெரியும் ஹமோன் கோடும் மங்கும். மலிவான வாள்களில் அந்தக் கோடு அமிலத்தால் வரைந்தது. களிமண் பூசி, சூடேற்றி, நீரில் முக்கி எடுத்த அசல் ஹமோன் எஃகுக்குள்ளேயே இருக்கும். தேங்காய் எண்ணெய் நாளடைவில் சிக்குப் பிடித்துப் புளிக்கும்.

துருவைத் தொடுவதற்கு முன் பிடியைக் கழற்றிப் பாருங்கள். ஆட்டத்துக்கான காரணம், என்ன உலோகம் என்ற விவரம் இரண்டும் பிடிக்குள்ளேதான் இருக்கின்றன.

வாளை உறையிலிருந்து எடுக்கும்போது கூர் விளிம்பு மேல் நோக்கி இருக்கட்டும். இடது கையால் உறையின் வாய்ப்பக்கத்தைப் பிடித்து, கட்டைவிரலால் கைக்காப்பை (ட்சுபா) மெல்லத் தள்ளினால் பிடிப்பு விடும். பிறகு அலகின் முதுகு உறையில் வழுக்கியபடி வெளியே வர வேண்டும். உறையின் கூர்ப்பக்கத்தைச் சுற்றி விரல்களை மடக்காதீர்கள். உறை இரண்டு மரத்துண்டுகளை ஒட்டிச் செய்தது. ஒட்டு விட்டிருந்தால் கூர் அந்த இடைவெளி வழியாக விரலுக்கு வந்துவிடும்.

அலகைத் தடித்த துணியால் சுற்றிக்கொள்ளுங்கள். பிடியின் குறுக்கே ஒரு மூங்கில் ஆணி, மெக்குகி, போயிருக்கும். அதன் ஒரு முனை மற்றதைவிடச் சிறுத்திருக்கும். சிறுத்த பக்கத்திலிருந்து மழுங்கிய பித்தளைக் கம்பியை வைத்து மெல்லத் தட்டினால் ஆணி மறுபக்கம் வரும். பிடியை விடாப்பிடியாகத் திருகாதீர்கள். கைக்காப்பின் அலகுப் பக்கம் மரக்கட்டையை வைத்து, பிடியை நோக்கி, இரு ஓரமும் மாறி மாறித் தட்டிக் கழற்றுங்கள்.

இப்போது தெரிவது அகன்ற, முனை நோக்கிச் சிறுக்கும் நீண்ட தண்டு என்றால் (ஜப்பானியர் இதை நக்காகோ என்பார்கள்), வாள் ஒழுங்காகச் செய்யப்பட்டது. ஆட்டத்துக்குக் காரணம் தேய்ந்த ஆணி, அல்லது கைக்காப்பின் இருபுறமும் இருக்கும் மெல்லிய வில்லைகளின் இடைவெளி. நன்றாகக் காய்ந்த கெட்டி மூங்கிலில் புது ஆணி சீவிக்கொள்ளலாம். துளைக்குள் இறுகி நிற்கும்படி சற்றே கூம்பாக இருக்க வேண்டும். இடைவெளிக்கு மெல்லிய பித்தளைத் தகட்டில் வில்லை வெட்டிச் சேருங்கள். பசை மட்டும் வேண்டாம், அடுத்த முறை பிடியைக் கழற்ற முடியாது.

தண்டுக்குப் பதில் பென்சில் தடிமனில் ஒரு கம்பியைப் பற்றவைத்து, பிடியின் கடைசியில் நட்டு போட்டு இறுக்கியிருந்தால் அது சுவருக்கான வாள். இந்த வகையில் ஆணி இருந்தாலும் ஒப்புக்குத்தான் இருக்கும். நட்டை இறுக்கினால் ஆட்டம் நிற்கும். ஆனால் இதை ஒரு முறைகூட வீசிப் பார்க்கக் கூடாது. பற்றவைத்த இடத்தில் முறிந்து அலகு பறக்கும். மோசமான காயம் ஏற்படலாம்.

தண்டில் கறுத்த பழைய துருவும், உளியால் வெட்டிய எழுத்துகளும் இருந்தால் அங்கேயே நிறுத்துங்கள். 1945-ல் மலாயாவிலும் பர்மாவிலும் ஜப்பானிய அதிகாரிகள் ஒப்படைத்த வாள்கள் பல குடும்பங்களின் கைக்குப் போயின. அவற்றில் தொழிற்சாலை வாள்கள் ஏராளம், பரம்பரை வாள்களும் உண்டு. தண்டின் துருவைப் பார்த்துத்தான் காலத்தைக் கணிக்கிறார்கள். அதைத் துடைத்தால் மதிப்பும் அதோடு போகும்.

உலோகத்துக்கு வருவோம். காந்தம் ஒட்டாவிட்டால் பெரும்பாலும் துத்தநாகம் அல்லது அலுமினியக் கலவை. அதில் பழுப்புத் துரு வராது, வெள்ளைப் பொடிதான் வரும். காந்தம் ஒட்டினால் மட்டும் கார்பன் ஸ்டீல் என்று முடிவு கட்ட முடியாது; 420, 440 வகை ஸ்டெயின்லெஸ் ஸ்டீலும் காந்தத்துக்கு ஒட்டும். தண்டில் ஒரு மூலையைத் துடைத்து ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விடுங்கள். கால் மணி நேரத்தில் சாம்பல் அல்லது கறுப்புக் கறை விழுந்தால் கார்பன் ஸ்டீல். எதுவும் ஆகாவிட்டால் ஸ்டெயின்லெஸ்; கடற்காற்றின் உப்பு அதையும் புள்ளி போட வைக்கும். பார்த்தவுடன் சாற்றைக் கழுவித் துடைத்து எண்ணெய் தொட்டுவிடுங்கள். 1060 என்று எண் சொல்லி விற்றிருந்தால் சுமார் 0.60 சதவீதம் கார்பன் என்று பொருள். 1095 அதைவிடக் கடினம், ஆனால் சீக்கிரம் முறியக்கூடியது.

புள்ளிகள் மேல் தையல் மெஷின் எண்ணெய் தொட்டு ஓர் இரவு விடுங்கள். காலையில் மூங்கில் சிராய் முனையால் சுரண்டினால் சிவப்புத் துரு பெரும்பாலும் வந்துவிடும். பிடிவாதமான இடத்தில் 2000 எண் உப்புத்தாளை எண்ணெயில் நனைத்து, அலகின் நீளவாக்கில் மட்டும் தேயுங்கள். குறுக்கே தேய்த்த கோடு எந்த வெளிச்சத்திலும் தெரியும். கறுப்புக் குழி மிச்சமிருந்தால் விட்டுவிடலாம். அதை எடுக்க வேண்டுமென்றால் சுற்றியுள்ள எஃகையும் குறைக்க வேண்டும். கூர் விளிம்பில் குழி இருந்தால் நீங்களாகத் தேய்க்கவே வேண்டாம்.

பிறகு 99 சதவீத ஐசோப்ரோபைல் ஆல்கஹாலால் துடைத்து, புது எண்ணெய் பூசுங்கள். ஜப்பானில் விற்கும் சோஜி எண்ணெய் என்பது பெரும்பாலும் மினரல் ஆயிலில் கொஞ்சம் கிராம்பு எண்ணெய். காட்சி வாளுக்குத் தையல் மெஷின் எண்ணெயே போதும். எழுபது சென்டிமீட்டர் அலகுக்கு மூன்று நான்கு சொட்டு. துணியை முதுகுப் பக்கமிருந்து மடித்துப் பிடித்து, அடியிலிருந்து முனை நோக்கி ஒரே திசையில் இழுக்க வேண்டும். எண்ணெய் முத்து முத்தாக நின்றால் அதிகம். அது உறை மரத்தில் ஊறி, தூசியைப் பிடித்து, உருவும்போதெல்லாம் அலகைக் கீறும். பராமரிப்புப் பெட்டியில் வரும் பொடி உருண்டையைத் தொழிற்சாலை மெருகு போட்ட அலகில் தட்டாதீர்கள், நுண்கீறல் விழும்.

புள்ளிகள் ஒரே பக்கத்தில் வரிசையாக வந்திருந்தால் குற்றம் உறையினுடையது: உள்ளே ஈரம், அல்லது அந்த இடத்தில் மரம் உரசுகிறது. உறையை வாய் கீழாக, நிழலில் இரண்டு நாள் காற்றாட விடுங்கள். வெயிலில் வைத்தால் ஒட்டு திறக்கும். கடலோரத்தில் மழைக்காலத்தில் மாதம் ஒரு முறையும் மற்ற நாளில் இரண்டு மாதத்துக்கு ஒரு முறையும் துடைத்து எண்ணெய் மாற்றினால் போதும். அலகைத் தொட்டால் உடனே துடையுங்கள். கைரேகை வடிவத்திலேயே துரு பூக்கும்.

தாங்கியில் வைக்கும்போது கூர் மேலே, பிடி பார்ப்பவருக்கு இடப்பக்கம். வலக்கையால் சட்டென உருவ வராது, சமாதான நோக்கம் என்பது ஜப்பானிய வழக்கம். மழைநீர் ஊறும் வெளிச்சுவரும், சோபாவுக்கு மேலான இடமும் வேண்டாம்.

இந்தியாவில் இருப்பவர்களுக்கு ஒரு சொல்: 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டம் கூர்மையான வாளை ஆயுதமாகவே பார்க்கிறது. அரசு அறிவித்த பகுதிகளில் உரிமம் தேவை. உங்கள் பகுதி நிலவரத்தைக் காவல் நிலையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். விலைச்சீட்டைப் பத்திரமாக வையுங்கள்.